ஞாயிற்றுக்கிழமைக் குடித்தனம்

புது வீட்டை வாங்கிய பிறகுதான் பழைய வீட்டை விற்க ஆரம்பித்தோம். ஓசூரில் வீடு கேட்டு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், பத்தே நாளில் முடித்துத் தருகிறேன் என்று புரோக்கர் சொன்னார். என் கணவர் தலையாட்டிவிட்டு வந்தார். கம்பெனியில் ஒரு போல்ட்டைக்கூட மூன்று தடவை சரிபார்க்கிற மனிதர்.

மூன்று மாதம் ஆகிவிட்டது. ஒரே சம்பளத்தில் இரண்டு வீட்டுக்கும் தவணை கட்டினோம். என் வளையல்கள் அடகுக்குப் போயின, பிறகு செயின். அடுத்த மாதத்துக்குத் தாலிக்கொடிதான் மிச்சம். பேங்க்காக இருக்குமோ என்று, போன் அடித்தால் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பேன்.

காலி செய்துவிட்டோம் என்று தெரிந்தால் அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள் என்று அவருக்குப் பயம். "அவசரம்னு மூஞ்சில காட்டிக்காத" என்றார். என் மூஞ்சி என்ன செய்யும், மூன்று மாதமாக அது அப்படித்தான் இருக்கிறது.

அதனால் யாராவது வீடு பார்க்க வருகிற ஞாயிறுகளில் காலையிலேயே பழைய வீட்டுக்குப் போய்க் குடித்தனம் நடத்தினேன். பழைய கட்டிலும் சோபாவும் அங்கேயே கிடந்தன. துவைத்த துணிகளை வாளியில் கொண்டுபோய் மாடிக் கொடியில் காயப்போடுவேன். வாசலில் கோலம், அடுப்பில் சாம்பார். வந்தவர்கள் "யோசிச்சுச் சொல்றோம்" என்று கிளம்பிவிடுவார்கள். நான் சாம்பாரைத் தூக்கில் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறுவேன்.

அந்த ஞாயிறு வந்தவர்கள் அத்திப்பள்ளியில் வாடகைக்கு இருந்த இளம் தம்பதி. ஆண்கள் இருவரும் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போனார்கள். அந்தப் பெண் சமையலறைக்கு வந்தாள். ஏழு மாதம் இருக்கும், மூச்சு வாங்கியது.

"கொஞ்சம் நீரு குடுங்க அக்கா."

சுவரில் ஃபில்டர் இருந்தது, அதில் தண்ணீரும் இருந்தது. டம்ளர்தான் இல்லை. ஒரு அலமாரியைத் திறந்தேன், காலி. அடுத்ததும் காலி. குளியலறையில் ஒரு மக் இருந்தது, அதிலா கொடுக்க முடியும்? வயிற்றுப்பிள்ளைக்காரி தண்ணீர் கேட்டு நிற்கிறாள், நான் சாம்பார் கரண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அவமானமாக இருந்தது.

"எப்ப காலி பண்ணீங்க அக்கா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

அழுதுவிட்டேன். இரண்டு தவணை, அடகு, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என் தோளைத் தட்டிவிட்டு வெளியே போய்த் தன் பையிலிருந்த பாட்டிலை எடுத்துக் குடித்தாள். பிறகு மாடியிலிருந்து இறங்கிய புருஷனைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள்.

"ரெண்டு லட்சம் கொறச்சுக்கோங்க சார். நீங்கதான் ஏற்கெனவே காலி பண்ணிட்டீங்களே" என்றான் அவன்.

என் கணவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் நான் சரி என்றேன்.

அவன் அங்கேயே அட்வான்ஸ் கொடுத்தான். எனக்குக் கோபமும் வந்தது, மூச்சும் வந்தது. கிளம்பும்போது அவள் மட்டும் செருப்பு போடுவதுபோல வாசலில் பின்தங்கினாள்.

"எங்களுக்கும் பேங்க் லோன்தான். கொளந்த பொறக்கற மாசமே கட்ட ஆரம்பிக்கணும்" என்றாள். சற்றுமுன் என் கழுத்தை அறுத்தவளின் குரல் நடுங்கியது. "மொதல்ல எப்படி அக்கா சமாளிச்சீங்க?"

"ரெண்டு மாசம் கஷ்டமா இருக்கும்மா, அப்புறம் பழகிடும்" என்றேன்.

அன்று அவளிடம் நான் சொன்ன ஒரே பொய் அதுதான்.