ஒரு கீறல்கூட இல்லாத வண்டி

இன்று காலை ஒத்தக்கடையில் ஒரு வண்டி பார்க்கப் போனேன். வேகத்துக்கென்றே செய்த கார். வாங்கி எட்டு மாதம்தான், ஓடியது நாலாயிரம் கிலோமீட்டர். புதுசு இருபத்திரண்டு லட்சம். விற்கிற பெரியவர் போனில் சொன்னது பதினெட்டு.

விலையை இறக்க ஏதாவது குறை வேண்டுமே. அதற்காகவே மெக்கானிக் முருகனைக் கூட்டிப் போயிருந்தேன். போன் டார்ச்சை அடித்துக்கொண்டு அரை மணி நேரம் வண்டியைச் சுற்றி வந்தான். ஒரு கீறல் இல்லை.

"இம்புட்டு புதுசா இருக்கே, ஏங்கய்யா விக்கிறீங்க?" என்று கேட்டான்.

பெரியவர் சொன்னார்:

"மகன் வண்டி. வேகமாப் போவான்னு பயந்து அன்னைக்குச் சாவிய நாந்தான் ஒளிச்சு வச்சேன். கோவிச்சுக்கிட்டுக் கூட்டாளி பைக்க எடுத்துட்டுப் போனான். மேலூர் ரோட்ல லாரி அடிச்சிருச்சு."

முருகன் டார்ச்சை அணைத்தான். பெரியவரே தொடர்ந்தார்:

"செத்தவன் வண்டி, ராசியில்லைன்னு வர்றவங்க எல்லாம் கொறைக்கத்தான் செய்யுறாங்க. நீங்க பதினாலு குடுத்தாப் போதும் தம்பி. எடுத்துட்டுப் போயிருங்க."

நான் பதினாறு வரை தரத் தயாராகப் போயிருந்தேன். அதைச் சொல்ல வாய் வரவில்லை. "வீட்ல கேட்டுட்டுச் சொல்றேங்கய்யா" என்று கிளம்பிவிட்டேன்.

திரும்பும் வழியில் முருகன் சொன்னான்: "மாப்ள, பதிமூணுன்னாலும் குடுத்துருவாரு."

நான் அவனைத் திட்டவில்லை. எனக்கும் அதே கணக்குதான் ஓடிக்கொண்டிருந்தது.

இந்த வண்டிக்கு எது நியாயமான விலை? கார் வாங்கி விற்றவர்கள் சொல்லலாம். மகன் உள்ளவர்களும் சொல்லலாம்.