தோண்டாமல் விட்ட பனங்கொட்டை

பாடப்புத்தகத்தில் மரத்தின் வாழ்க்கை ஒரு வட்டமாக இருக்கும். விதை, முளை, கன்று, மரம், பூ, காய், மறுபடியும் விதை. படத்தில் மாமரம். ஸ்ரீவைகுண்டத்தை அடுத்த எங்கள் தொடக்கப் பள்ளியைச் சுற்றி வாழையும் பனையுமாக இருக்க, மாங்கொட்டைக்கு நான் எங்கே போவேன்? ஆவணியில் பனங்கொட்டை சும்மா கிடக்கும். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஆளுக்கு ஒன்று கொண்டுவரச் சொன்னேன். சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால் பாத்தி கட்டிப் புதைத்தோம். தன் கொட்டை எது என்று தெரிய ஒவ்வொருவரும் பக்கத்தில் ஒரு ஓட்டுச்சில்லை ஊன்றிக்கொண்டார்கள். அடுத்தவன் கொட்டையைத் தொடக் கூடாது என்பது அவர்களாகவே போட்ட சட்டம்.

பனை முதலில் கீழேதான் போகும். ஓலை மேலே வர மாதக்கணக்காகும். "ஒண்ணுமே வரல டீச்சர்" என்று தினமும் வந்து நின்றார்கள். பொறுமை வேணும் என்று தினமும் சொன்னேன். எனக்கு அது பெரிய அளவில் கிடையாது, ஆனாலும் சொன்னேன்.

பொங்கல் விடுமுறை முடிந்து போனால் பாத்தி முழுக்கக் குழி. என் மேஜைமேல் மஞ்சள் போட்டு அவித்த பனங்கிழங்கு ஒரு கட்டு.

"உங்களுக்குத்தான் டீச்சர். நம்ம பாத்திக் கிழங்கு."

மரம் வளர்க்கவா இந்தப் பக்கத்தில் பனங்கொட்டையைப் பாத்தி கட்டிப் புதைக்கிறார்கள்? தையில் தோண்டித் தின்னத்தான். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு அது தெரியாதா? புத்தகத்தைக் கையில் எடுத்ததும் மறந்து தொலைத்திருந்தேன். ஒரு சத்தம் போட்டேன். பிறகு பிள்ளைகள் முன்னாலேயே இரண்டு கிழங்கை உரித்துத் தின்றேன். நல்ல ருசி.

பாத்தியில் ஒரே ஒரு ஓட்டுச்சில்லு மட்டும் அசையாமல் நின்றது. அது வாழைத்தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ஒருத்தியின் மகளுடையது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அவளைக் கூப்பிட்டு முன்னால் நிறுத்தி, "இவ ஒருத்திதான் மரமாகட்டும்னு விட்டு வச்சிருக்கா. எல்லாரும் கை தட்டுங்க" என்றேன். தட்டினார்கள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கூச்சம் என்று நினைத்தேன்.

அதன்பிறகு வந்த வகுப்புகளுக்கெல்லாம் அவள்தான் என் பாடம். கூடத்துக்குப் பின்னால் கூட்டிப்போய், இடுப்புயரம்கூட வராத அந்த வடலியைக் காட்டி, உங்களை மாதிரி ஒரு பிள்ளை ஆசையை அடக்கி விட்ட பனை இது என்பேன். அவளோ பெரிய பள்ளிக்குப் போனாள், கல்யாணமாகித் திருப்பூருக்கும் போய்விட்டாள். வடலி பைய வளர்ந்து மரமாயிற்று.

போன வருஷம், நான் ஓய்வு பெறுகிற சமயத்தில், முதல் பாளை விட்டது. பாளை வந்தால்தான் ஆணா பெண்ணா என்பது தெரியும். குரும்பை பிடித்திருந்தது, பெண்பனை. அவளிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் அம்மாவிடம் நம்பர் வாங்கி ஃபோன் போட்டேன்.

"எந்தப் பனை டீச்சர்?" என்றாள்.

விவரமாகச் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"ஐயோ டீச்சர், நான் மரத்துக்குன்னு விடல. எல்லாரும் தோண்டுன அன்னைக்கு எனக்குக் காய்ச்சல். லீவு முடிஞ்சதும் தோண்டிக்கிடலாம்னு வந்தேன். நீங்க கை தட்டச் சொல்லிட்டீக. பொறவு எப்படித் தோண்ட?"

"அப்பவே சொல்லியிருக்கக் கூடாதாட்டி?"

"நீங்க கிழங்கு தின்னுக்கிட்டு இருந்தீகளா, பாத்துக்கிட்டே இருந்தேன். எனக்கும் ஒண்ணு தருவீகன்னு நெனச்சேன்."

அதைச் சொல்லிவிட்டும் சிரித்தாள். அன்றைக்கு என் மேஜைமேல் இன்னும் எத்தனையோ கிழங்கு இருந்தது. எடுத்துக் கொடுக்க ஒரு நிமிஷம் ஆகியிருக்காது.

"வர்ற தைக்கு அனுப்பட்டுமா? உன் பனையில விழுற கொட்டையிலேயே போடுதேன்."

"உங்களுக்கு எதுக்கு டீச்சர் சிரமம்? இங்கனயே தள்ளுவண்டியில விக்குதாங்க. வாங்கிக்கிடுதேன்."

எனக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான் சொன்னாள். அன்றைக்கும் அப்படித்தான் ஒரு கிழங்கு கேட்காமல் நின்றிருப்பாள்.