பிள்ளையாருக்குப் போன பொத்திகள்

அரிசிக்குப் பங்கீட்டுக் கூப்பன் வந்த யுத்த காலம். இணுவிலில் எங்கள் தோட்டத்தின் ஒரு துண்டில் ஊர்ச் சோளமும், பக்கத்துத் துண்டில் விவசாயப் போதனாசிரியர் தந்த புதுக் கலப்பு விதையும் போட்டிருந்தேன். கலப்புச் சோளம் கூடுதலாக விளைந்தால் அடுத்த போகத்துக்கு ஊர் முழுவதற்கும் விதை தருவதாகச் சொல்லியிருந்தார். ஒரே நிபந்தனை: நிறுக்கும்வரை எந்தத் துண்டிலும் ஒரு பொத்தி, ஒரு கதிர்கூட முறிக்கக்கூடாது.

இரண்டுக்கும் ஒரே எரு, ஒரே தண்ணீர். பிள்ளைகள் கஞ்சி குடித்துக்கொண்டு அந்தப் பொத்திகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். நாங்கள் தொடவில்லை.

நிறுப்பதற்கு முதல் நாள் நான் சந்தைக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் கலப்புச் சோளத்தில் பெரிய பொத்திகள் ஒன்றும் இல்லை. "அண்ணை முறிச்சுக் கோயிலுக்குக் கொண்டு போயிட்டார். சொன்னன், கேக்கேல்லை" என்று மனைவி அழுதாள்.

கோயிலுக்கு ஓடினேன். முதல் விளைச்சல் என்று பிள்ளையாருக்குப் படைத்து, ஊர் பார்க்கத் தன் பெயருக்கும் நட்சத்திரத்துக்கும் அர்ச்சனை செய்வித்துக்கொண்டு நின்றார் மனைவியின் அண்ணன், என் மச்சான். அவருடைய தோட்டத்து விளைச்சல் என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். சந்நிதியில் சத்தம் போடக்கூடாதென்று பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் தராசில் கலப்புச் சோளம் குறைவாகவே நின்றது. விஷயம் அறிந்த கோயில் ஐயர் பொத்திகளைக் கடகப் பெட்டியில் சுமந்து வந்துவிட்டார்.

"நிறுத்துப்போட்டுத் தாங்கோ. பிள்ளையார் கோவிக்கமாட்டார்."

"உங்கடை வீட்டுச் சொல்லு எடுபடாது. முறிச்ச ஆளே எந்தத் துண்டெண்டு சொன்னால் நிறுக்கிறன்" என்றார் போதனாசிரியர்.

மச்சான் வேலியோரம்தான் நின்றார். அயலவர்களும் நின்றார்கள்.

"மச்சான், ஒரு சொல்லுச் சொல்லும். ஊருக்கு விதை வரும்" என்றேன்.

"உமக்குச் சாமியைவிடச் சோளன் பெரிசாப் போச்சோ?" என்றவர், சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார்.

விதை வரவில்லை. அடுத்த போகமும் அதே ஊர்ச் சோளம், அதே தண்ணிக் கஞ்சி.

இன்றும் என் தோட்டத்து முதல் காய் பிள்ளையாருக்குத்தான். ஆனால் சந்நிதியில் யாராவது பெயரும் நட்சத்திரமும் உரத்துச் சொல்லும்போதெல்லாம், வேலியோரம் அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் திறக்காத மச்சானின் வாய் ஞாபகம் வருகிறது. எத்தனையோ கவலைகளை பிள்ளையார் காலடியில் இறக்கி வைத்த எனக்கு, இந்தக் கோபத்தை மட்டும் இறக்கி வைக்க இன்னும் மனம் வரவில்லை.