மண்டபத்தில் வெளியாளை விடமாட்டார்கள்

என் கல்யாண வரவேற்பை நானேதான் திட்டமிட்டேன். அப்பா இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. அம்மாவுக்குப் பெரம்பலூர் கடைவீதிக்குத் தனியாகப் போகவே தயக்கம். நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தேன். கையில் இருந்தது கொஞ்சம்தான், ஆசை பெரிது. காலையில் வாலிகண்டபுரம் சிவன் கோயிலில் தாலி கட்டு, மாலையில் பெரம்பலூரில் சின்ன மண்டபம் ஒன்றில் வரவேற்பு என்று முடிவானது. மாப்பிள்ளை வீட்டார் திருச்சிக்காரர்கள். அவர்கள் எதுவும் கேட்கவில்லை. அவர்கள் முன்னால் குறைந்து போய்விடக் கூடாது என்று நான்தான் தவித்தேன்.

பத்திரிகையை நெருங்கிய சொந்தத்துக்கு மட்டும் அச்சடித்து, மற்றவர்களுக்குப் போனில் அனுப்பினேன். முழுச் சாப்பாட்டை விட்டுவிட்டு இட்லி, ஊத்தப்பம், கிச்சடி, ஒரே ஒரு இனிப்பு என்று டிபனாக மாற்றினேன். கட்டிக்கொண்ட பட்டுப்புடவை தோழியுடையது. இப்படி மிச்சம் பிடித்ததையெல்லாம் மேடைக்கு வைத்துக்கொண்டேன். போனில் ஒரு படம் வைத்திருந்தேன். சந்தன நிறத் துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கும். ஓரத்தில் பச்சை இலையும் வெள்ளைப் பூவும். வேறு ஒன்றுமில்லை. அதுதான் வேண்டுமென்று ஒற்றைக் காலில் நின்றேன்.

விக்கிரமங்கலத்தில் அம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார். பந்தல்காரர். அப்பா இறந்த அன்று யாரும் கூப்பிடாமலே வந்து, வாசலில் கொட்டகை போட்டு, மூன்று நாள் எங்களோடு இருந்தவர். கல்யாணச் செய்தி கேட்டதும் பஸ் பிடித்து வந்தார்.

"மேடை வேலைய என்கிட்ட வுட்டுடு பாப்பா. மாமா செய்மொறையா இருக்கட்டும். மயிலு, தாமரை, ஓடுற லைட்டு எல்லாம் வச்சு ஜம்முனு பண்ணிடுறேன்."

அவர் வைக்கும் தெர்மாகோல் மயில்களை எனக்குத் தெரியும். திருச்சிக்காரர்கள் அதைப் பார்ப்பதை நினைத்தபோதே எனக்குக் கூசியது.

"இல்லைங்க மாமா, மண்டபத்துல வெளியாளை உள்ள விடமாட்டாங்களாம். அவங்க சொல்ற ஆளுதான் செய்யணுமாம்" என்றேன்.

அம்மா சட்டென்று என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாமா அப்படியே நம்பிவிட்டார். "டவுன்ல அப்படித்தான் வச்சிருப்பாங்க. யாருகிட்ட குடுத்துருக்கே?" என்று மட்டும் கேட்டார். அரியலூரில் நான் பேசி வைத்திருந்த அலங்காரக் கடையைச் சொன்னேன்.

கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்கு அத்தை மட்டும் வந்திருந்தார். "உங்க மாமாவுக்கு ஒரு சோலி, சாயந்தரம் வந்துடுவாரு" என்று சிரித்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மதியம் மூன்று மணிக்கு மேடையைப் பார்க்க மண்டபத்துக்குப் போனேன். ஏணியில் நின்று துணியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தவர் மாமா. அலங்காரக் கடையின் பெயர் அச்சடித்த பனியன் போட்டிருந்தார்.

"மாமா, நீங்க எப்படி இங்க?"

வாயில் கடித்திருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுச் சொன்னார்: "வெளியாளுதானே உள்ள வரக்கூடாது? அரியலூருக்குப் போயி, ரெண்டு நாளைக்கு என்னைய ஆளா சேத்துக்கங்கன்னு கேட்டேன். சேத்துக்கிட்டாங்க. உன் மேடையில என் கை படாம இருக்கலாமா?" முகமெல்லாம் சிரிப்பு.

அதற்குள் மாமியாரின் தங்கை மண்டபத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் வந்துவிட்டார். "யாரும்மா, தெரிஞ்சவரா?" என்றார்.

"டெக்கரேஷன் ஆளுங்க" என்றேன்.

ஏன் சொன்னேன் என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை. மாமா ஏணியில் இன்னும் ஒரு படி ஏறித் துணியை இழுத்துக் கட்டத் தொடங்கினார்.

மேடை படத்தில் பார்த்ததைவிட அழகாக இருந்தது. வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். மாமா வெள்ளைச் சட்டையும் வேட்டியும் மாற்றிக்கொண்டு அத்தையோடு மேடை ஏறினார். "எங்க மாமா" என்று கணவருக்கு அறிமுகம் செய்தேன். பக்கத்தில் நின்ற மாமியாரின் தங்கை அவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நான் கேமரா பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்தப் போட்டோவில் நான் நன்றாகச் சிரித்திருக்கிறேன்.

நான்கு மாதம் கழித்து விக்கிரமங்கலம் போனேன். மாமா நனைந்த சாமியானாத் துணியை வெயிலில் விரித்துக்கொண்டிருந்தார். ஒரு முனையை நான் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆளுன்னு சொன்னது காதுல வுழுந்துச்சு. புதுச் சொந்தக்காரங்க முன்னாடி பதட்டத்துல நீ சொல்லிட்டேன்னு வுட்டுட்டேன்." துணியின் சுருக்கத்தை நீவிவிட்டார். "மண்டபத்துல விடமாட்டாங்கன்னு சொன்னது... அதுவும் நீயாத்தான் சொன்னதா?"

தலையசைத்தேன்.

"தெரிஞ்சிருந்தா வந்துருக்க மாட்டேன் பாப்பா."

கோபமாகச் சொல்லவில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அத்தையைக் கூப்பிட்டு எனக்குச் சோறு போடச் சொன்னார். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

போன வருடம் என் மகளுக்குக் காது குத்தினோம். முதலில் அவரைத்தான் கூப்பிட்டேன். "பந்தல் நீங்கதான் போடணும் மாமா."

"நல்ல ஆளா அனுப்பி வுடுறேன்" என்றார்.

ஆட்கள் வந்து குறையில்லாமல் போட்டுக் கொடுத்தார்கள். மாமா விருந்தாளியாக வந்தார். குழந்தையைத் தூக்கிக் கொஞ்சினார், சாப்பிட்டார், அம்மாவிடமும் என்னிடமும் சொல்லிக்கொண்டு பகல் பஸ்ஸுக்கே கிளம்பினார். பஸ் ஸ்டாண்டு வரை கூடவே நடந்தேன். வழி முழுக்க இரண்டு பேரும் குழந்தையைப் பற்றியே பேசினோம்.