பாகிக் கணக்கு

ஒரு கணக்கைத் தப்பாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் அது ஒரு பிள்ளையின் தலைக்குள் எத்தனை வருஷம் கிடக்கும் என்ற கவலை எனக்கு வந்தபோது வயது பன்னிரண்டு. அதற்கு முன்பும் எனக்குக் கவலைகள் உண்டு. மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்து அத்தாப்பு ஓலைக் கூரை தலையில் விழும் என்பது ஒன்று. அப்பாவின் சைக்கிள் பிரேக் ஒருநாள் பிடிக்காமல் போகும் என்பது இன்னொன்று. ஆனால் அவையெல்லாம் தாமாக நடக்கக்கூடியவை. இது நானே செய்யக்கூடியது.

மலாயாவுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருஷம் அது. மலாக்காவில் காஜா பெராங் பக்கம் எங்கள் தமிழ்ப்பள்ளி இருந்தது. பள்ளி என்றால் ஒரே நீளக் கூடம்தான். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவே சுவர் கிடையாது, ஒரு கரும்பலகை நின்றிருக்கும். அந்தப் பக்கம் அடி விழுந்தால் இந்தப் பக்கம் எங்களுக்கு முதுகு சிலிர்க்கும். நான் ஆறாம் வகுப்பு. என் தம்பி இரண்டாம் வகுப்பு.

இரண்டாம் வகுப்பு டீச்சர் பிரசவத்துக்குப் போனார். பதிலுக்கு ஆள் அனுப்புவதாகச் சொன்னார்களே தவிர யாரும் வந்தபாடில்லை. தலைமையாசிரியரை நாங்கள் பெரிய வாத்தியார் என்போம். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, டீச்சருடைய நோட்டுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தார்.

"காலையில ரெண்டு மணி நேரம் அந்தப் பிள்ளைங்களோட உக்காரு. கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் முடிஞ்சிருக்கு. வகுத்தல்தான் பாக்கி. இன்னும் ரெண்டு வாரத்துல இன்ஸ்பெக்டர் வர்றாரு, அதைத்தான் கேப்பாரு."

"சார், நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா?"

"நீ எதைத் தப்பாச் செஞ்சிருக்கே? போ."

வீட்டில் சொன்னதும் அம்மா சிரித்தாள். "டீச்சரம்மா, தண்ணி தூக்கிட்டு வந்துட்டு அப்புறம் பாடம் நடத்துங்க." அப்பாவுக்கு ஜாலான் துக்காங் எமாஸ் தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை, சைக்கிளில் துணிக்கட்டுகளை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பது. வந்த களைப்பில் காலை நீட்டிக்கொண்டு, "எத்தனை பிள்ளைங்க?" என்று மட்டும் கேட்டார். பதினான்கு என்றேன். பதினான்கு தலைகள் என்று எனக்குள் ஓடியது.

முதல் நாள் நோட்டில் இருந்தபடியே ஆரம்பித்தேன். பன்னிரண்டில் மூன்று எத்தனை முறை போகும்? முன்வரிசைப் பெண் ஒருத்தி யோசித்துவிட்டு, "எங்க போவும், அக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். நான் படித்தபோது போகிறது என்றார்கள், நானும் போகட்டும் என்று விட்டிருந்தேன். எங்கே என்று கேட்கத் தோன்றியதில்லை. சரி, வேறு மாதிரிச் சொல்லலாம் என்று, பன்னிரண்டை மூன்றால் வகு என்றேன். என் தம்பி எழுந்து நின்றான்.

"அக்கா, மூணாம் வகுப்புக்கு நாங்க இன்னும் போவலியே."

கூடமே சிரித்தது. கரும்பலகைக்கு அந்தப் பக்கம் என் வகுப்புப் பிள்ளைகளும் சிரித்தார்கள். சாயங்காலம் தம்பியை ஒரு பிடி பிடித்தேன். அவன் வேண்டுமென்று சொல்லவில்லை. அவனுக்கு வகு என்பதும் வகுப்பு என்பதும் ஒன்றாகத்தான் கேட்டிருக்கிறது.

நான்கு நாள் இப்படியே போனது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அம்மா நெத்திலி ஆயச் சொன்னால் அதை மூன்று மூன்றாகக் கூறு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "மீனை ஆயச் சொன்னா பரீட்சை எழுதிக்கிட்டு இருக்கா" என்று அம்மா கத்துவாள்.

ஐந்தாம் நாள் இடைவேளையில்தான் வழி கிடைத்தது. பள்ளிக்குப் பின்னால் ஒரு சாகா மரம். அதன் சிவப்பு விதைகளைப் பொறுக்கி விளையாடுவது எல்லாருக்கும் பழக்கம். என் இரண்டாம் வகுப்புப் பையன்கள் நான்கு பேர் ஒரு குவியலை நடுவில் வைத்துக்கொண்டு சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாகிடா. ஒழுங்கா பாகி."

"இவனுக்கு அஞ்சு குடுத்தே, எனக்கு நாலு. இதுவா பாகி?"

பாகி என்றால் மலாயில் பங்கு போடுவது. தெருவில் விளையாடும் தமிழ்ப்பிள்ளை, சீனப்பிள்ளை, மலாய்ப்பிள்ளை எல்லாருக்கும் தெரிந்த சொல். நான் நான்கு நாளாகத் தொண்டை வற்றக் கத்திய கணக்கை அவர்கள் மண்ணில் உட்கார்ந்து போட்டுக்கொண்டிருந்தார்கள், அதுவும் ஒரு விதை பிசகினாலும் விடாமல்.

மறுநாள் நோட்டை மூடி வைத்துவிட்டேன். ஒரு பால்டின் நிறைய விதையைக் கொட்டி, "பன்னெண்டு விதை, மூணு பேருக்கு பாகி. ஆளுக்கு எத்தனை?" என்றேன். நாலு என்று ஒரே கூச்சல். பதினைந்தை ஐந்து பேருக்கு. மூணு. இருபதை நான்கு பேருக்கு. அஞ்சு. பிறகு விதையை எடுத்துவிட்டுச் சிலேட்டில் எழுதச் சொன்னேன். அதுவும் வந்தது. அன்று வீட்டுக்குப் போகும்போது காஜா பெராங் ரோட்டில் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஒரே ஒருத்திக்கு மட்டும் வரவில்லை. பார்வதி.

அவள் அம்மா மலாக்காச் செட்டி. பல தலைமுறையாக இங்கேயே இருக்கிறவர்கள். கோயில், பொங்கல் எல்லாம் நம்மைப் போலத்தான், பேச்சு மட்டும் மலாய். அப்பா தமிழர், மகளுக்குத் தமிழ் வேண்டும் என்று எங்கள் பள்ளியில் சேர்த்திருந்தார். அந்தப் பிள்ளை தமிழில் ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் அதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொள்ளும்.

"பார்வதி, பன்னெண்டு விதை. மூணு பேருக்கு பாகி. எத்தனை?"

"கொசொங், அக்கா."

கொசொங் என்றால் சைபர். பதினைந்தை ஐந்து பேருக்கு என்றாலும் கொசொங். இருபதை நான்கு பேருக்கு என்றாலும் அதே கொசொங். பையன்கள் அவளுக்கு அதையே பெயராக வைத்துவிட்டார்கள். "ஏய் கொசொங், ரப்பர் குடு." அவள் கொடுத்துவிடுவாள், அழமாட்டாள். இன்ஸ்பெக்டர் வருவதற்கு இரண்டு நாள் இருந்தபோது நான் பொறுமை கெட்டு அவள் தலையில் ஒரு குட்டு வைத்தேன். அதை இப்போது எழுதக் கை கூசுகிறது. அப்போதும் அவள் தலையைத் தடவிக்கொண்டு, "பெத்துல்லா அக்கா, கொசொங்" என்றாள். சரிதான் அக்கா, சைபர்தான் என்கிறாள். குட்டு வாங்கிய பிறகும் ஒரு பிள்ளை சரிதான் என்று சொன்னால் அதில் ஏதோ இருக்க வேண்டும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

"சரி, நீயே செஞ்சு காட்டு" என்று பன்னிரண்டு விதையை அவள் கையில் கொட்டினேன்.

அவள் எழுந்தாள். முன்வரிசையில் மூன்று பேரை நிறுத்தி, ஆளுக்கு ஒன்றாக, மறுபடி ஒன்றாக, கடைசி விதைவரைக்கும் ஒழுங்காகக் கொடுத்தாள். பிறகு தன் உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே விரித்தாள். ஒன்றும் இல்லை.

"பாரு அக்கா. கொசொங்."

அவள் வீட்டில் பாகி என்றால் கொடு. அதுவும் மலாய்தான், பங்கு போடுவதற்கும் கொடுப்பதற்கும் அவர்களுக்கு ஒரே சொல். பன்னிரண்டையும் மூன்று பேருக்குக் கொடு என்றேன், கொடுத்தாள். எத்தனை என்று கேட்டேன், தன்னிடம் எத்தனை என்று கேட்பதாக நினைத்துப் பதில் சொன்னாள். ஒரு வாரமாகச் சரியான பதிலைத்தான் சொல்லியிருக்கிறாள். நான் கேட்காத கேள்விக்கு.

"பார்வதி, உன் கையைப் பாக்காதே. வாங்குனவங்க கையைப் பாரு. அங்க எத்தனை?"

திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் கையை விரித்தார்கள். "நாலு, நாலு, நாலு" என்று எண்ணியவள், இதைத்தானா இத்தனை நாளாகக் கேட்டாய் என்பதுபோல என்னைப் பார்த்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் இன்னொன்றும் சொன்னேன். நீ சொன்னதும் தப்பில்லை, கொடுத்தவர் கையில் இருப்பதற்கு மீதி என்று பெயர் என்றேன். பதின்மூன்று விதையைக் கொடுத்து மறுபடி பாகி பண்ணச் சொன்னேன். கொடுத்து முடித்துக் கையைப் பார்த்தவள் சிரித்துவிட்டாள். கையில் ஒன்று இருந்தது. மீதிக் கணக்கு மூன்றாம் வகுப்புப் பாடம். அதை மற்றவர்களுக்கு நான் சொல்லவில்லை, குழம்பிவிடுவார்கள் என்று பயம்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று பெரிய வாத்தியார் என்னை ஆறாம் வகுப்பில் போய் உட்காரச் சொல்லிவிட்டார். நான் கரும்பலகைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன். ஒல்லியான மனிதர், கையில் குடை, குரல் மட்டும் பெரியது. ஒவ்வொரு வகுப்பாக முடித்துக்கொண்டு இரண்டாம் வகுப்புக்கு வந்தார்.

"பன்னிரண்டை நாலால் வகுத்தா எவ்வளவு?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசி ஒரு வாரமாக நான் வகு என்ற சொல்லையே வாயில் எடுக்கவில்லை. எல்லாம் பாகி, பாகி. பதினான்கு தலைகளிலும் தப்பான பெயரைப் போட்டு வைத்துவிட்டேனே. அவர் மறுபடி கேட்டார். பெரிய வாத்தியார் தொண்டையைச் செருமினார்.

அப்போது என் தம்பி பக்கத்துப் பையனிடம் சொன்னது எனக்கே கேட்டது. ரகசியம் பேசத் தெரியாதவன் அவன். "டேய், பாகியைத்தான்டா கேக்கறாரு."

"மூணு சார்" என்று பதிமூன்று பதினான்கு குரல்கள். பதினெட்டை ஆறால்? மூணு. இருபதை ஐந்தால்? நாலு. நான் மூச்சு விட்டேன். இன்ஸ்பெக்டர் போகத் திரும்பியவர், போகிற போக்கில், "பதினாலை நாலால்?" என்றார்.

அது பாடத்தில் இல்லாதது. பிள்ளைகள் விரலை எண்ணினார்கள், உதட்டைப் பிதுக்கினார்கள். பார்வதி எழுந்து நின்றாள். காற்றில் நான்கு பேரை நிறுத்திவைத்துக்கொண்டு கையால் கொடுத்துக்கொண்டே போனாள். அவர் பொறுமையாக நின்று பார்த்தார்.

"ஆளுக்கு மூணு சார். கையில ரெண்டு."

"கையில ரெண்டா? யார் கையில?"

வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "குடுக்கறவங்க கையில" என்றாள்.

அவர் குடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தப் பெரிய குரலில் கூடம் முழுக்கக் கேட்கும்படி, "யாரும்மா இப்படிச் சொல்லிக் குடுத்தது?" என்றார். பதினான்கு தலைகளும் என் பக்கம் திரும்பின. நான் பென்சிலைத் தேடுவதுபோல மேசைக்கு அடியில் குனிந்துவிட்டேன். ஆனால் குனிந்த இடத்தில் என் முகம் முழுக்கச் சிரிப்பு. அது எனக்கும் அந்த மண்தரைக்கும் மட்டும் தெரியும். இந்த வயதுவரைக்கும் நான் அதற்குமேல் பெருமைப்பட்டதில்லை.

அந்தச் சனிக்கிழமை பெரிய வாத்தியாரின் சைக்கிள் எங்கள் வரிசைவீட்டு வாசலில் வந்து நின்றது. நான் குளிக்கும் இடத்துத் தகரத்துக்குப் பின்னால் போய் ஒளிந்தேன். பாகி என்று சொல்லிக் கொடுத்த விஷயம் வெளிப்பட்டுவிட்டது, அதற்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அம்மா காப்பி கலக்கும் சத்தம் கேட்டது. பேச்சு நீண்டுகொண்டே போனது. பிறகு அப்பா கூப்பிட்டார்.

"வருஷ முடிவுல நீ நின்னுடாம பள்ளிக்கூடத்துக்கே வந்துக்கிட்டு இருக்கணுமாம். சின்னப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்கணும், மேல்படிப்பை சாரே சொல்லித் தருவாராம். அப்புறம் பரீட்சை எழுதினா டீச்சராவே எடுத்துக்குவாங்களாம். என்னம்மா சொல்றே?"

அப்பா என்னை "என்னம்மா சொல்றே" என்று கேட்டது அதுதான் முதல் தடவை. நான் அதைக் கவனிக்கவில்லை. இனி வருஷத்துக்குப் பதினான்கு தலைகள் என்றுதான் என் மனம் கூட்டிக்கொண்டிருந்தது.

"நான் மாட்டேம்ப்பா. தப்பாச் சொல்லிக் குடுத்துட்டா?"

பெரிய வாத்தியார் இன்னொரு தடவை கேட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். காப்பியைக் குடித்துவிட்டுப் போனார். தப்பித்தேன் என்று இருந்தது எனக்கு. வருஷக் கடைசியில் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றேன். அம்மாவுக்கு அடுத்த பிள்ளை பிறந்தது, நான் தொட்டில் ஆட்டினேன்.

அப்பா மட்டும் அந்தப் பேச்சை விடவில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். துணிக்கட்டுக் கொடுக்கப் போகும் வீடுகளில் சொன்னார். வெள்ளிக்கிழமை கோயிலில், முன்பின் தெரியாத ஒருவரை நிறுத்தி, சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னார்.

"பெரிய வாத்தியாரே வீட்டுக்கு வந்து கூப்பிட்டாரு. இன்ஸ்பெக்டரே கேட்டாராம் யார் இந்தப் பிள்ளைன்னு. இவ மாட்டேன்னுட்டா."

ஊர் முழுக்க என் கோழைத்தனத்தைச் சொல்லித் திரிகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. யார் வீட்டுக்கும் போகாமல், கடைக்குப் போகச் சொன்னால் தம்பியை அனுப்பிவிட்டு, மாதக்கணக்கில் உள்ளேயே இருந்தேன். அப்பா எத்தனையோ தடவை அதைச் சொல்லியிருப்பார். ஒவ்வொரு தடவையும் என் காதில் விழுந்தது 'மாட்டேன்னுட்டா' என்ற அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.