தகடு உடைத்த கேசட்

என் வேலை மேசையில் ஒரு பழைய கேசட் இருக்கிறது. அதன் மேல்விளிம்பில் இரண்டு சின்னக் குழிகள். புதுக் கேசட்டில் அந்த இடத்தை இரண்டு பிளாஸ்டிக் தகடுகள் மூடியிருக்கும். அவற்றை உடைத்துவிட்டால் டேப்ரெக்கார்டரில் பதிவுப் பொத்தான் கீழே இறங்காது. பேசியதை அழித்து வேறொன்றைப் பேச முடியாது. கடையில் வாங்கும் பாட்டுக் கேசட்டுகள் அப்படித்தான் வரும். வீட்டில் பேசிப் பதிந்ததற்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. இதற்குச் செய்தவர் என் மாமி. குடவாசலில், பின்கட்டு வாசற்படியில் உட்கார்ந்து, கத்தரிக்கோல் முனையால்.

மாமி என் தாய்மாமாவின் மனைவி, அடுத்த வீடு. மாமா சபரில் இருந்தார். வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குப் போவதை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். பாலைவனத்தில் சாலை போடும் வேலை. முகாமில் டிவி கிடையாது, டேப்ரெக்கார்டர் உண்டு. விடுப்பில் போய்வருகிறவர்கள் கையில் கேசட்டுகள் போகும், வரும். ஒரு பக்கம் வீட்டுச் செய்தி. மறுபக்கம் முழுக்க ஒரு சினிமாக் கதை. மாமா வாங்கிவந்திருந்த வீடியோ டெக்கில் மாமி ஒரு படத்தை இரண்டு முறை பார்ப்பார், பிறகு முப்பது நிமிடத்தில் அதைச் சொல்லி முடிப்பார். பத்து வயதில் எனக்கிருந்த பொறுப்பு குறிப்பெடுப்பது: யாருக்கு யார் என்ன உறவு, எது எந்த ஊரில் நடக்கிறது, இடைவேளைக்கு முன் என்ன ஆயிற்று. முகாமில் மாமாவின் கட்டிலைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து கேட்பார்களாம்.

மாமி எல்லாப் படத்தையும் சொல்ல மாட்டார். சொல்லத் தகுந்ததா என்று பார்ப்பார். பேய்ப் படம் என்றால் பேயை எவ்வளவு நேரம் காட்டாமல் வைத்திருக்கிறார்கள் என்பது கணக்கு. ஒரு படத்தில் கதவு மட்டும்தான் ஆடியது. அதைச் சொல்லும்போது பேச்சை நிறுத்திவிட்டுப் பீரோக் கதவைத் திறந்து மூடினார். அந்த வாரம் முகாமில் இரண்டு பேர் தனியாகக் குளிக்கப் போகவில்லை என்று பதில் வந்தது. சிரிப்புப் படத்தில் நடிக்கிறவன் சிரிக்கக் கூடாது. சண்டைப் படத்தில் எதற்கு அடிக்கிறான் என்பது அடி விழுவதற்கு முன்னால் தெரிந்துவிட வேண்டும், தெரியாவிட்டால் கொட்டாவிதான். காதல் படத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்லாமல் விட வேண்டும். குடும்பப் படத்தில் கெட்டவளுக்கும் ஒரு நியாயம் இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் வரிசை எண் போட்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். பொறியியல் படித்தபோது நூலகத்தில் திரைப்பட விமர்சனங்களைத் தேடிப் படித்தேன். பெரிய சொற்களில் அதே விஷயங்கள்தான் இருந்தன.

அந்த வருடம் நாங்கள் இருவரும் ஒரு தப்புச் செய்தோம். மாமாவின் மகளுக்கு அப்போது மூன்று வயது நெருங்கிக்கொண்டிருந்தது. பேச்சு வரவில்லை. பாத்திரம் கீழே விழுந்தாலும் திரும்ப மாட்டாள். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும் என்று எல்லோரும் சொன்னார்கள். மாமியும் அதைப் பிடித்துக்கொண்டார். மாமா ஒவ்வொரு கேசட்டிலும் பிள்ளையின் குரலைக் கேட்டார். ஒரு நாள் மாமி மைக்கை என் பக்கம் திருப்பினார். நான் மழலையில் ‘அத்தா’ என்றேன், எங்கள் வீடுகளில் அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம். நன்றாக வந்தது. அடுத்தடுத்த கேசட்டுகளிலும் சொன்னேன்.

அப்போதுதான் அந்த லாரி டிரைவர் படம் வந்தது. வருடக்கணக்கில் வீட்டைப் பிரிந்து ஓட்டுகிறவன், கடைசியில் வீடு திரும்பும் வழியில் விபத்தில் இறந்துபோகிறான். படம் முடிந்ததும் மாமி வெற்றுக் கேசட்டைக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். தூரத்தில் இருக்கிற மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? லாரி வாசலில் வந்து நிற்பதாகவும், அவன் இறங்கிப் பிள்ளையைத் தூக்குவதாகவும் மாற்றிச் சொன்னார்.

மாமாவின் பதில் கேசட் வர இரண்டு மாதமானது. வழக்கம்போல எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டோம். “அந்த லாரிக்காரன் வழியிலேயே மௌத்தாயிட்டானாமே. புதுசா வந்தவர் ஊர்ல பாத்துட்டு வந்து சொல்றார். நான் ஒன் பேச்சை நம்பி அவரோட மல்லுக்கு நின்னேன். ஒங்க வீட்டம்மா டைரக்டராயிட்டாங்களேன்னு அத்தனை பேரும் சிரிக்கிறாங்க.” மாமாவும் சிரித்தார். பிறகு குரல் இறங்கியது. “சினிமாவையே மாத்திச் சொல்றியே. புள்ள பேசுறது நெசந்தானே?”

என் அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். கேலியாக ஏதாவது பேசி அனுப்பிவிட்டு, பிள்ளை விஷயத்தை மாமா விடுப்பில் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாமி எழுந்து டேப்ரெக்கார்டரின் ஒயரைச் சுருட்டினார்.

“அவங்க வர இன்னும் ஒரு வருஷம் இருக்கு மதினி. புள்ளையோட காது அதுவரைக்கும் காத்திருக்குமா?”

மறுநாள் காலையில் அதே படத்தை மறுபடியும் வாடகைக்கு எடுத்துவரச் செய்தார். குறிப்பு வேண்டாம் என்று என் நோட்டை மூடிவைத்தார். பார்த்து முடித்ததும் பதிவுப் பொத்தானை அழுத்தினார்.

“மச்சான், அவன் வீட்டுக்கு வரல. பிரேக் சரியா பிடிக்கலன்னு முதல் சீன்லேருந்து மூணு தடவ சொல்றான். நான்தான் அதையெல்லாம் விட்டுட்டேன். முடிவை மாத்தணும்னா முதல்லேருந்தே பொய் சொல்ல வேண்டியிருக்கு. அது நல்ல படம், நான்தான் கெடுத்தேன்.” மூச்சு விடும் நேரம்தான் நிறுத்தினார். “புள்ளைக்குக் காது கேக்கலன்னு நெனக்கிறேன். ‘அத்தா’ன்னு சொன்னது புள்ள இல்ல, ஒங்க அக்கா மவ. நான்தான் சொல்லச் சொன்னேன், அவளை ஏசாதீங்க. இப்ப கேளுங்க.”

பிறகு மைக்கைப் பிள்ளையின் அருகே வைத்து, அவள் முதுகுக்குப் பின்னால் மூன்று முறை கைதட்டினார். பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவள் எவர்சில்வர் டம்ளரைத் தரையில் உருட்டிக்கொண்டே இருந்தாள். டம்ளர் சத்தம் மட்டும் கேட்டது.

கேசட்டை எடுத்துக்கொண்டு வாசற்படிக்குப் போனார். ஏன் தகட்டை உடைக்கிறீர்கள் என்று கேட்டேன். “எடுத்துட்டுப் போறவங்க வர நாலு நாளாகும். அதுக்குள்ள எனக்கு மனசு மாறலாம்,” என்றார்.

மாமா பதில் கேசட் அனுப்பவில்லை. ஒன்றரை மாதத்தில் அவரே வந்தார், சட்டைப் பையில் இந்தக் கேசட்டோடு. என்னை ஏசவில்லை. மாமியிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தஞ்சாவூருக்குப் பரிசோதனைக்குப் போனார்கள். காதுக் கருவி வாங்கினார்கள். மாமா திரும்பிப் போனபின், பேச்சுப் பயிற்சிக்காக மாமி இரண்டு வருடம் தினமும் பிள்ளையோடு கும்பகோணத்துக்குப் பஸ்ஸில் போய்வந்தார். பிள்ளை முதலில் சொன்ன வார்த்தை ‘அத்தா’ அல்ல, ‘பஸ்’. மாமி அதையும் அப்படியே பதிந்து அனுப்பினார்.

இன்று நான் சென்னையில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். போன வாரம் ஓர் இயக்குநர், மரணச் செய்தி வந்த வீட்டில் யாரும் பேசாமல் இருக்கும் காட்சியை வயலினால் நிரப்பச் சொன்னார். முடியாது என்றேன். முதலில் நிரப்பாமல் கேளுங்கள், பிறகும் வேண்டுமென்றால் வேறு ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் இன்னும் முடிவு சொல்லவில்லை.

அன்று இந்தக் கேசட்டைக் கணினிக்கு மாற்றினேன். இரைச்சலை நீக்கும் வசதி இருக்கிறது. மாமியின் குரல் இன்னும் தெளிவாகியிருக்கும். ஆனால் டம்ளர் உருளும் சத்தமும் கொஞ்சம் போய்விடும். தொடவில்லை. முடிந்ததும், பழைய டேப்ரெக்கார்டரில் பதிவுப் பொத்தானை ஒரு முறை அழுத்திப் பார்த்தேன். இறங்கவில்லை.