எனக்குக் கன்னம் கொடுத்தவர்கள்

சவரத் தொழிலில் கத்தி பிடிக்கப் பழகுவது பாதி வேலைதான். அந்தக் கத்திக்கு ஒரு கன்னம் கிடைப்பது மீதிப் பாதி. சம்பாதிக்கிற கை விழுந்துபோய், அது செய்த வேலையை இன்னொரு கை எடுத்துக்கொள்ள வேண்டி வந்த வீட்டில் நீங்களும் இருந்திருந்தால், நான் சொல்வது உங்களுக்குப் புரியும். என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் போய்விட்டது. காபி வலது வாயோரம் வழிந்தால்கூட நான் துடைத்துவிடும்வரை அவருக்குத் தெரியாது. கடலூர் செம்மண்டலத்தில் அவர் நடத்திய ஒற்றை நாற்காலி சலூன் பூட்டிக் கிடந்தது. கட்டட ஓனர் ஒரு செல்போன் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அந்த இடம் போனால் எங்களுக்கு வேறு பிழைப்பு இல்லை. அதனால் கத்தியை நான் எடுத்தேன்.

பலூன்

சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் என் தம்பி சலூன் வைத்திருக்கிறான். கடலூரிலிருந்து தினமும் பஸ் ஏறி அவனிடம் போனேன். பாதி பிளேடு செருகுகிற மடக்குக் கத்தியைக் கையில் கொடுத்தான். ஒரு பலூனை ஊதி, நுரை பூசி, "வழிச்சுப் பாருக்கா" என்றான். கத்தி கொஞ்சம் நிமிர்ந்தாலும் பலூன் வெடிக்கும். கண்ணாடி, சுவர், என் புடவை என்று எல்லா இடத்திலும் நுரை தெறிக்கும். வெடிக்கிற ஒவ்வொரு முறையும் அது ஒரு ஆளாக இருந்திருந்தால் என்று நினைத்துக் கத்தியை மடக்கிக் கீழே வைத்துவிடுவேன்.

ஒருவழியாக வெடிக்காமல் வழிக்கப் பழகினேன். முடிவெட்டக் காத்திருந்த காலேஜ் மாணவன் ஒருவனிடம், "உனக்கு ஷேவிங் பண்ணிவிடட்டுமா தம்பி?" என்று பெருமையாகக் கேட்டேன். அவன் கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னான்: "பலூன் வெடிச்சா வேற பலூன் இருக்குக்கா. எனக்கு இருக்கறது ஒரே தொண்டதான்."

எரிச்சல்

கடைசியில் தம்பியே நாற்காலியில் உட்கார்ந்தான். கூடப் பிறந்த பாவம், வேறென்ன. இடது கையால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும், வலது கை அழுத்தக் கூடாது. எனக்கோ இடது கை நழுவியது, வலது கை அழுத்தியது. வலிக்கிறதா என்று கேட்டபோதெல்லாம் "இல்லக்கா" என்றான்.

முடிந்ததும் படிகாரக் கட்டியை நனைத்து அவன் கன்னத்தில் தேய்த்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு 'ஸ்ஸ்' என்று இழுத்தான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. தோல் லேசாக உரிந்திருந்தாலும் படிகாரம் பட்டால் எரியும். சவரம் பண்ணிய கை எப்படி என்பதை எங்கள் தொழிலில் அந்தச் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார்கள். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "நான் ஒனக்காகப் பொய் சொல்லிடுவேன். படிகாரம் சொல்லாதுக்கா."

தாடி

செம்மண்டலத்தில் கடையைத் திறந்தேன். வீட்டுக்காரர் வாசல் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். பழைய கஸ்டமர்கள் வருவார்கள், அவர் உடம்பை விசாரிப்பார்கள், நாற்காலியையும் என்னையும் பார்ப்பார்கள், வேலை இருப்பதாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். அவருக்கோ நோய் வந்ததிலிருந்து தாடி வளர்ந்து மார்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. நான் எத்தனை கெஞ்சியும் முகத்தைக் கொடுக்கவில்லை. என்னை நம்பவில்லை என்று எனக்கு ஆத்திரம். ராத்திரி சோறு போடும்போது தட்டை டங்கென்று வைப்பேன்.

எல்.ஐ.சி. ஏஜெண்ட் ஒருவர் வருஷக்கணக்காக அவரிடம் மட்டுமே ஷேவிங் செய்துகொண்டவர். கூப்பிட்டேன். அவர் அந்தத் தாடியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "உன் வீட்டுக்காரரே உன்கிட்ட மூஞ்சியக் குடுக்கல, நான் எப்பிடிம்மா குடுக்கறது?"

வளையல்

ஒருநாள் ஒரு ஆள் செல்போனைப் பார்த்துக்கொண்டே வந்து, தலையை நிமிர்த்தாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நான் மூச்சுவிடாமல் நுரை பூசினேன். கத்தியை எடுக்கும்போது என் கண்ணாடி வளையல் குலுங்கியது. திடுக்கிட்டு நிமிர்ந்தவர், நுரையோடு எழுந்துவிட்டார். "தப்பா நெனச்சுக்காதம்மா, திருப்பாதிரிப்புலியூருக்குப் பொண்ணு பாக்கப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே இறங்கிப் போனார். என் டவல் அவர் தோளோடு போய்விட்டது.

எனக்கு அழுகை வந்தது. வளையல்தானே காட்டிக்கொடுத்தது என்று இரண்டு கை வளையலையும் கழற்றிக் கண்ணாடி ஆணியில் மாட்டினேன். வீட்டுக்காரர் பெஞ்சிலிருந்து என் வெறும் கையைப் பார்த்தார். குழறிய நாக்கைச் சிரமப்பட்டுப் புரட்டிச் சொன்னார்: "நான் இன்னும் போயிடல கலா."

வலது கன்னம்

மாதம் முடிவதற்குள் கடையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார் ஓனர். அந்த வாரத்தில் எல்.ஐ.சி.காரர் என் வீட்டுக்காரரைப் பார்க்க மறுபடி வந்தார். பேசிக்கொண்டிருந்தவர் பாதியில் விட்டு வீட்டுக்காரர் திடீரென்று எழுந்தார். காலை இழுத்து இழுத்து நடந்து நாற்காலியில் உட்கார்ந்தார். வலது கன்னத்தைக் காட்டி, "இந்தப் பக்கம் போடு" என்றார்.

தாடியைக் கத்தரியால் குறைத்து, நுரை பூசி, வழித்தேன். தாடைக்குக் கீழே கை நழுவியது. ரத்தம் துளிர்த்தது. டவலால் அதை மறைத்துவிட்டேன். அந்த இடத்திலேயே படிகாரத்தை வைத்தேன். அவர் கண்ணைக்கூட இமைக்கவில்லை. எல்.ஐ.சி.காரர் பெஞ்சிலிருந்து எழுந்தே வந்துவிட்டார். "படிகாரம் வெச்சும் சத்தம் வரலியே. கை நல்லாத்தான் கீது, நம்பளுக்கும் போடும்மா" என்றார். வீட்டுக்காரர் பாதித் தாடியோடு எழுந்து, "உக்காருங்க சார், எனக்கு அவசரமில்ல" என்று இடம் விட்டார்.

அந்த முகத்தை ஒழுங்காகவே முடித்தேன். படிகாரம் பட்டபோது ஒரே ஒரு சின்ன 'ஸ்'. நாளைக்குத் தன் மச்சானையும் அழைத்து வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். நான் சந்தோஷத்தில் நுரையைக் கலக்கிக்கொண்டு வீட்டுக்காரரின் இடது பக்கம் வந்தேன். அவர் நல்ல கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். காபி வழிவது தெரியாத கன்னத்தைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவர் மெதுவாகச் சொன்னார்: "இந்தப் பக்கம் வேணாம் கலா. இங்க எனக்கு இன்னும் வலி தெரியும்."

இன்றைக்குச் செம்மண்டலத்தில் என் கைக்கு இருக்கிற நல்ல பேர், வலி தெரியாத ஒரு கன்னம் வாங்கிக் கொடுத்தது.